கேள்வி இல்லாமல் எடுக்கும் ஸ்கேன்

குறுக்குவலி என்று எலும்பு மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் இன்று கையில் ஒரு பெரிய உறையோடுதான் போகிறார்கள். உள்ளே எம்.ஆர்.ஐ. படங்களும், ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று முடியும் அறிக்கையும் இருக்கும். மருத்துவர் முதுகைத் தொட்டுப் பார்க்கும் முன்பே நோய்க்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. முதுகெலும்பையும் தோளையும் கையையும் படமெடுக்கும் கலை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது; தேவையில்லாத அச்சத்தையும் சிகிச்சையையும் கூடவே வளர்த்திருக்கிறது. இரண்டையும் செய்வது ஒரே கருவி. ஆகவே குறை கருவியில் இருக்கிறதா, அதைக் கையாளும் முறையில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பலம். முதுகெலும்பில் காசநோய் தாக்கினால், எலும்பின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும். எம்.ஆர்.ஐ. மஜ்ஜையில் வீக்கம் காணும் கட்டத்திலேயே அதைக் காட்டிவிடும். காசநோய் மிகுந்த இந்தியாவில் இந்த இடைவெளிக்குள் மருந்தைத் தொடங்கினால் பலரது கால்கள் செயலிழக்காமல் தப்பும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்து, உட்காரும் இடம் மரத்துப்போனவருக்கு நரம்புக்கற்றை நசுங்கியிருக்கிறதா என்று உடனடியாகப் பார்த்தாக வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலிக்கிறதென்றால், அங்குள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு பிடிபடாமல் போவதுண்டு. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே நின்று ஒரு துண்டு செத்துப்போகவும் கூடும். இங்கெல்லாம் ஸ்கேன் வெற்றி பெறுவதற்குக் காரணம், மருத்துவர் எதைத் தேடுகிறார் என்பது முன்கூட்டியே தெளிவாக இருப்பதுதான்.

தேடுவது எதுவென்று தெரியாமல் எடுக்கும்போது கதை மாறுகிறது. 1994இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்லா டிஸ்குகளும் சீராக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓரிடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. வலியில்லாதவர்களைப் பற்றிய 33 ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம் பேரிடமும் 80 வயதில் 96 சதவீதம் பேரிடமும் இருக்கும் என்று தெரிந்தது. தோளும் இப்படித்தான். 1995இல் வெளிவந்த ஆய்வில், தோள்வலி இல்லாத, 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் தோள் தசைநாரில் கிழிசல் காணப்பட்டது. வயதும் உழைப்பும் உடம்பில் பதித்த தடத்தைப் படம் உள்ளபடி காட்டுகிறது. இன்றைய வலிக்கு அந்தத் தடம்தான் காரணமா என்பதைப் படத்தால் சொல்ல முடியாது.

படத்தை வாசிக்கும் கண்களும் ஒத்துப்போவதில்லை. 63 வயதுப் பெண் ஒருவர் மூன்று வாரத்துக்குள் 10 மையங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார். 2017இல் வெளியான அந்த ஆய்வில், 10 அறிக்கைகளிலுமாக 49 கண்டறிதல்கள் இருந்தன. பத்திலும் பொதுவாக இருந்த கண்டறிதல் ஒன்றுகூட இல்லை.

இந்தக் குழப்பம் நோயாளியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கை மரத்துப்போகும் சிக்கலில் நன்றாகப் பார்க்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, நள்ளிரவில் எழுந்து கையை உதறிக்கொள்கிறார் ஒருவர். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் குறி இது. உடனே கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினால், ஐம்பது வயதுக் கழுத்தில் டிஸ்க் புடைப்பு ஒன்று அநேகமாகத் தென்படும். பழி அதன்மேல் விழும். கழுத்துப் பட்டையும் இழுவைச் சிகிச்சையும் மாதக்கணக்கில் தொடர, மணிக்கட்டு நரம்பு நலிந்து கட்டைவிரல் மேடு வற்றிப்போகலாம். எந்த விரல் மரக்கிறது, எப்போது மரக்கிறது, கழுத்தைத் திருப்பினால் வலி கைக்கு ஓடுகிறதா என்று சில நிமிடம் விசாரித்து, மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாலே வழி தெரிந்திருக்கும். ஐயம் மிஞ்சினால் நரம்புக் கடத்தல் சோதனை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் வரும் தோள் இறுக்கமும் கையால் அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கக் கூடியது.

தெரிந்தும் ஏன் இந்த அவசரம்? கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் பரிசோதிக்க நேரமில்லை. சீட்டு எழுத அரை நிமிடம் போதும். எதையாவது தவறவிட்டால் வழக்கு வருமோ என்ற பயம் மருத்துவருக்கு. ஸ்கேன் எழுதாதவர் சரியாகப் பார்க்கவில்லை என்ற எண்ணம் நோயாளிக்கு. பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் தடை செய்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. இத்தனை ஸ்கேன் எடுத்தும் பலன்தான் அதற்கேற்ப இல்லை. 2003இல் அமெரிக்காவில் 380 முதுகுவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயும் பாதிப் பேருக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். அன்றாடச் செயல்பாட்டில் வேறுபாடு இல்லை. முதுகு அறுவை எம்.ஆர்.ஐ. பிரிவில் 10 பேருக்கு, எக்ஸ்ரே பிரிவில் 4 பேருக்கு நடந்தது. சிறிய எண்ணிக்கை என்பதால் இதிலிருந்து உறுதியாக முடிவுகட்ட முடியாது. ஆனாலும் திசை கவலை தருகிறது.

அறிக்கையைத் திருத்தினால் போதும் என்றொரு யோசனை இருந்தது. ‘இந்த மாற்றம் வலியில்லாதவர்களிடமும் இத்தனை சதவீதம் காணப்படுவது’ என்ற குறிப்பை அறிக்கையிலேயே சேர்த்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி, முதுகு தொடர்பான சிகிச்சைப் பயன்பாடு குறையவில்லை. ஓபியாய்டு வகை வலிநிவாரணி மாத்திரைகள் எழுதுவது மட்டும் மிகச் சிறிதளவு குறைந்தது. படம் எடுத்தபின் ஆறுதல் சொல்வது தாமதம் என்றே இதை நான் வாசிக்கிறேன். திருத்தம் சீட்டு எழுதும் இடத்தில் தொடங்க வேண்டும்.

ஆபத்துக் குறிகள் இல்லாத முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் வேண்டாம் என்ற மேலைநாட்டு வழிகாட்டுதல் நல்லதுதான். ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது பரிசோதனை. காய்ச்சல், உடல் மெலிவு, பழைய புற்றுநோய், கூடிவரும் பலவீனம் ஆகியவற்றைக் கேட்டறியாமல் ‘ஆறு வாரம் பொறுங்கள்’ என்று மட்டும் சொன்னால், காசநோய் அந்த ஆறு வாரத்தில் முள்ளெலும்பை அரித்துவிடும். பரிசோதிக்காமல் ஸ்கேன் எழுதுவதும் பரிசோதிக்காமல் ஸ்கேனை மறுப்பதும் ஒரே பிழைதான்.

ஆகவே சீட்டில் ‘முதுகுவலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்த நரம்பு, எந்த நோய் ஐயம் என்று மருத்துவர் எழுதட்டும். எழுதாத சீட்டைத் திருப்பிக் கேட்கும் உரிமை கதிரியக்க மருத்துவருக்கு இருக்கட்டும். நோயாளியும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: இதில் எதைத் தேடுகிறீர்கள்? அது இருந்தால் என் சிகிச்சை எப்படி மாறும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த ஸ்கேனை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.