கரண்ட் வைத்தால் மூச்சு நரம்பு மீளுமா?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர் நன்றாகத்தான் நடக்கிறார். ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. குனிந்து செருப்பு மாட்டினாலும் முட்டுகிறது. புதுச்சேரியின் காலாப்பட்டு மாதிரிக் கடலோர ஊரில் இன்னோர் அடையாளமும் உண்டு. மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாலே இரைக்கும். தண்ணீரின் அழுத்தம் வயிற்றை அமுக்கி, செயலிழந்த உதரவிதானத்தை மேலே தள்ளிவிடுகிறது. கரைவலை இழுத்துப் பிழைப்பவருக்கு இது சின்னத் தொந்தரவல்ல. எக்ஸ்ரேயில் இடப்பக்க உதரவிதானம் தூக்கி நின்றால், மருத்துவரின் சந்தேகம் அதை இயக்கும் ஃபிரீனிக் நரம்பின் மேல் விழும்.

கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் வேர்களில் புறப்பட்டு, இதய உறையை ஒட்டியே இறங்கும் நரம்பு அது. அறுவையின்போது இதயத்தைக் குளிர்விக்கக் கொட்டும் ஐஸ் கூழ் அதை மரக்கச் செய்யலாம். மார்பின் உட்சுவர்த் தமனியை பைபாஸுக்காகப் பிரித்தெடுக்கும்போது காட்டரி என்னும் மின்சூட்டுக் கருவியின் சூடு படலாம், நரம்புக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ஐஸைக் கைவிட்ட இடங்களில் இந்தப் பாதிப்பு குறைந்தது. தடுப்பைப் பற்றிப் பேச யாருக்கும் அவ்வளவு ஆர்வமில்லை. அதில் விற்பதற்கு மிஷின் ஏதுமில்லை.

முகவாதத்துக்குப் பிசியோதெரபியில் கரண்ட் வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதற்கும் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. யோசனையும் பழையதுதான்.  19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் துஷேன் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டி மூச்சை வரவழைக்கலாம் என்று காட்டினார். 1960களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் குழு, உடலுக்குள் பொருத்தும் மூச்சு பேஸ்மேக்கரை உருவாக்கியது. கழுத்துத் தண்டுவடம் நொறுங்கியவர்கள் சிலர் அதன் தயவில் வெண்டிலேட்டரை விட்டு வெளியே வந்தார்கள்.

இங்கேதான் குழப்பம். அவர்களுக்குக் கெட்டது தண்டுவடம். நரம்பு முழுசாக இருந்தது. இதய அறுவைக்குப் பிறகு கெட்டிருப்பதோ நரம்பே. அந்த வெற்றியை இதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

நரம்பு வெறுமனே மரத்திருந்தால், வாரங்களிலோ மாதங்களிலோ தானே விழிக்கும். உள்ளிழை செத்திருந்தால், சேதத்துக்குக் கீழே உள்ள பகுதி சில நாட்களிலேயே மின்சாரத்தைக் கடத்தும் திறனை இழந்துவிடும். அது மறுபடி வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மார்பின் மேற்பகுதியில் அடிபட்டு 20 சென்டிமீட்டர் கீழே போகவேண்டுமென்றால் 200 நாள். அதற்கிடையில் கரண்ட் வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் ஆறேழு மாதத்தில் மூச்சு திரும்பக்கூடும். முதலாமவர் மட்டும் மிஷினுக்கு நன்றி சொல்வார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத எந்த ஆய்வையும் இந்தக் காரணத்தால்தான் நான் நம்பத் தயங்குகிறேன்.

இருந்தாலும் மின்தூண்டலை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. எலியின் தொடை நரம்பை வெட்டித் தைத்து, ஒரு மணி நேரம் மட்டும் நொடிக்கு 20 துடிப்பு வீதம் தூண்டியபோது, இழைகள் விரைவாக வளர்ந்ததை டெசா கார்டன் குழு 2000ஆம் ஆண்டு காட்டியது. ஆனால் அங்கே தூண்டியது காயத்துக்கு மேலே, உயிரோடிருக்கும் பக்கத்தில், அதுவும் தைத்த கையோடு. மாதக் கணக்கில் விலாவில் கரண்ட் பேடு ஒட்டுவது வேறு சமாச்சாரம்.

வெண்டிலேட்டரில் கிடப்பவர்களின் நிலை இன்னும் வலுவான வாதம். 18 முதல் 69 மணி நேரம் முற்றிலும் வேலையில்லாமல் கிடந்த உதரவிதானத்தில், தசையிழைகளின் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அந்தத் தேய்வைத் தடுக்க, ரத்தக்குழாய் வழியாக நரம்பைத் தூண்டும் முறையை 112 பேரிடம் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சிழுக்கும் பலம் தெளிவாகக் கூடியது. வெண்டிலேட்டரிலிருந்து விடுபட்டவர்கள் தூண்டல் பெற்றவர்களில் 82 விழுக்காடு, பெறாதவர்களில் 74 விழுக்காடு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அவர்களும் நரம்பு அடிபட்டவர்கள் அல்லர்.

தீங்கே செய்யாது என்ற சமாதானமும் எடுபடாது. மோட்டார் நியூரான் நோயாளிகள் 74 பேரிடம் பிரிட்டனில் நடந்த சோதனையில், உதரவிதானத் தூண்டி பொருத்தியவர்களின் இடைநிலை ஆயுள் 11 மாதம், பொருத்தாதவர்களுக்கு 22.5 மாதம். நோய் வேறு, உண்மை. ஆனாலும் நலிந்த நரம்பைத் தூண்டுவது தானாகவே நன்மையாகிவிடாது என்பதற்கு அது போதும். கழுத்தில் பேடு வைத்தால் அருகிலுள்ள கரோடிட் பகுதி தூண்டப்பட்டு இதயத் துடிப்பு சரியலாம். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி இன்னும் எடுக்கப்படாத மார்பில் கரண்ட் வைப்பது அதைவிட ஆபத்து. கீழ் விலாவில் வைத்தாலோ விலாத்தசையும் வயிற்றுத்தசையும் துள்ளும். உதரவிதானம் அசைந்ததா என்பது வெளியே தெரியாது.

அதனால் முதல் சிட்டிங்குக்கு முன்பே அல்ட்ராசவுண்டில் பார்க்கவேண்டும். மூக்கை வெடுக்கென்று உறிஞ்சச் சொன்னால் நல்ல பக்கம் கீழே இறங்கும். வாதம் கண்ட பக்கம் எதிர்த்திசையில் மேலே ஏறும். நரம்பு கடத்துகிறதா என்பதைத் தனிச் சோதனை சொல்லும். காலாப்பட்டில் பிம்ஸ், கோரிமேட்டில் ஜிப்மர் என்று மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் புதுச்சேரியில், பார்க்காமலே மிஷினை ஓட்டுவதற்கு நியாயமில்லை. காத்திருக்கும் மாதங்களுக்கு மூச்சிழுக்கும் தசைப் பயிற்சியும், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையும் போதும் என்பது என் கணிப்பு. ஓராண்டு போயும் அசைவில்லை, இரைப்பும் தீரவில்லை என்றால், தொளதொளத்த உதரவிதானத்தை மடித்து இழுத்துத் தைக்கும் அறுவையை யோசிக்கலாம். பிறவி இதயக்கோளாறுக்கு அறுவை செய்த கைக்குழந்தை வெண்டிலேட்டரை விட்டு வரமுடியாமல் தவித்தால் அவ்வளவு காலம் பொறுப்பதில்லை. சில வாரங்களிலேயே தைத்துவிடுகிறார்கள்.