பாடலும் பாடலாசிரியர் பெயரும்

நம் ஆலயங்களில் ஒலிக்கும் பாடல்களுள் எத்தனை பாடல்களின் ஆசிரியரை நாம் அறிவோம்? பாடல் நம் நாவில் வாழ்கிறது. ஆக்கியவர் பெயரோ மறைகிறது. பாடல் ஏட்டின் ஓரத்திலேனும் இருந்த பெயர், இன்று கைப்பேசியில் பகிரப்படும் படியிலும், யூடியூப் ஒளிப்பதிவிலும் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

"இறைப்புகழ் பாட இசைவு எதற்கு?" எனக் கேட்போர் உளர். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அவர்களுக்கு ஓரளவு இடம் தருகிறது. உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவது உரிமை மீறலாகாது என்கிறது அதன் 52ஆம் பிரிவு. ஆயினும் இச்சலுகை வழிபாட்டிற்கே உரியது. அதே பாடலைத் தனியே பதிவு செய்து இணையத்தில் வெளியிடுவதும், நூலாக்கி விற்பதும் வழிபாடு ஆகா. 2020இல் ஆலயங்கள் மூடப்பட்டு, திருப்பலி இணையம் வழியே இல்லங்களை அடைந்தபோது இவ்வேறுபாடு நம் கண்ணுக்கு மங்கிற்று. ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது என்பதையும் நாம் மறந்தோம்.

57ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும், 'இது என் படைப்பு' என உரைக்கும் உரிமை ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை. தாராளமாகப் பகிர்வதற்கென்றே 2002இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும், இன்று வழங்கும் ஆறு வகைகளிலும், ஆசிரியர் பெயரைக் குறிக்குமாறு கேட்கின்றன.

இறைவனுக்கென எழுதியவர் புகழ் நாடார் என்பர் சிலர். தாழ்ச்சி என்பது அவர் விரும்பி ஏற்கும் புண்ணியம்; நாம் அவர்மேல் சுமத்தும் விதி அன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணி இன்று எவருடைய தனியுடைமையும் அன்று, எவரும் அச்சிடலாம். அதற்காக அவர் பெயரை நீக்கி வெளியிட நம் மனம் ஒப்புமோ? மாமுனிவருக்குக் காட்டும் அம்மதிப்பு, நம்மிடையே வாழும் எளிய பாடலாசிரியருக்கும் உரியதன்றோ?

களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை பணப்பையை மட்டும் காப்பதன்று. உழைத்தவருக்கு உரியதை அவருக்கே அளிக்கப் பணிக்கிறது. ஆகவே பாடலை அச்சிடுமுன், பதிவு செய்யுமுன், உரியவரின் இசைவைக் கேட்போம். இயன்ற சன்மானம் அளிப்போம். பெயரைத் தவறாது பொறிப்போம். இறைவனுக்கு நாம் படைக்கும் காணிக்கை, பிறரிடமிருந்து பறித்ததாய் இருத்தல் தகாது.