சீருடை அணிந்த மடம்

'தி நேக்கட் கன்' படத்தில் எழுத்துகள் ஓடும்போது நம் கண்முன் இருப்பது ஒரு போலீஸ் காரின் கூரைமேல் சுழலும் விளக்கு. கேமரா அதன் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றுகிறது. கார் சாலையில் போகிறது, நடைபாதையில் ஏறுகிறது, கார் கழுவும் இடத்துக்குள் நுழைகிறது, ஒரு வீட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது. பெண்கள் குளித்துக்கொண்டிருக்கும் அறைக்குள் போகிறது. அவர்கள் அலறிச் சிதறுகிறார்கள். பிறகு ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கி, ஒரு டோனட் கடை வாசலில் போய் நிற்கிறது. காவல்துறையின் விளக்கு எங்கு வேண்டுமானாலும் நுழையும், ஏன் நுழைந்தோம் என்று அதற்கே தெரியாது, கடைசியில் தின்னப் போய்விடும். படம் சொல்ல நினைத்தது இதுதான். படம் சொல்ல நினைக்காத ஒன்றும் இதில் இருக்கிறது: கார் கழுவுமிடமும் பெண்கள் குளிக்கும் அறையும் அந்த விளக்குக்கு ஒன்றுதான்.

இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு எதனால் ஆனது, அது எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் இது ஒரு தொலைக்காட்சித் தொடர். 1982இல் ஏ.பி.சி. அலைவரிசை 'போலீஸ் ஸ்க்வாட்!' என்ற பெயரில் ஆறே பகுதிகளை ஒளிபரப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. ரசிக்க வேண்டுமானால் கண்ணால் பார்த்தே தீர வேண்டிய தொடர் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேடிக்கையாகத் தோன்றினாலும் பொய்யில்லை. வீட்டுத் தொலைக்காட்சி பாதி காதால் கேட்கப்படுவது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது முழுக்கவே காதால்தான். இந்த நகைச்சுவையோ சட்டகத்தின் ஓரத்தில், பின்னணியில், பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நடப்பது. டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர், ஜிம் ஏப்ரஹாம்ஸ் மூவரும் ஆறு வருடம் கழித்து, பேட் ப்ராஃப்டையும் சேர்த்துக்கொண்டு அதைத் திரைப்படமாக எழுதினார்கள். டேவிட் ஸக்கர் இயக்கினார். 1988 டிசம்பரில் வெளிவந்தது. 1991லும் 1994லும் தொடர்ச்சிகள் வந்தன. 2025இல் லியம் நீசன் அதே துப்பறிவாளரின் மகனாக நடித்து இன்னொரு படமும் வந்துவிட்டது.

எதற்காக இவ்வளவு காலம்? நிமிடத்துக்கு இத்தனை சிரிப்பு என்று கணக்குச் சொல்கிறவர்கள் உண்டு. அடர்த்தி மட்டும் ஒரு படத்தை முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாழவைக்காது. வாழவைத்தது லெஸ்லி நீல்சனின் முகம். அதற்கு முன் அவர் கம்பீரமான வேடங்களின் நடிகர்: 1956இல் 'ஃபர்பிடன் ப்ளானட்' படத்தில் விண்கலத் தளபதி, 1972இல் 'தி பொசைடன் அட்வென்ச்சர்' படத்தில் கப்பல் தலைவர். 1980இல் 'ஏர்ப்ளேன்!' படத்துக்கு ஸக்கர் கூட்டணி இப்படிப்பட்ட நடிகர்களையே தேடிப் பிடித்து, சிரிக்கவைக்க முயலாதீர்கள், எப்போதும்போல நடியுங்கள் என்றது. நீல்சன் ஒரு புருவத்தைக்கூட உயர்த்துவதில்லை. அறை எரிகிறது, அரசி கீழே கிடக்கிறார், ஒலிவாங்கியை அணைக்காமல் கழிப்பறைக்குப் போன ஃபிராங்க் டிரெபினின் சத்தம் கூட்டம் முழுக்கக் கேட்கிறது. அந்த முகத்தில் மட்டும் சந்தேகத்தின் நிழல் விழுவதில்லை.

வகுப்பில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது இந்த முகம் எனக்கு உதவுகிறது. நகைக்கு நான்கு நிலைக்களன்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவிகள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். பேதைமை அறியாமை. மடன், பிறர் சொல்லிக்கொடுத்ததை ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது என்பது உரை மரபு. ஃபிராங்க் டிரெபின் அறியாதவர் மட்டுமல்லர். தான் சட்டத்தின் ஆள், தான் நல்லவன், தன் துப்பாக்கி சரியான திசையைத்தான் பார்க்கும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உலகமே இடிந்து விழுந்தாலும் அதை அவர் விடமாட்டார். இது மடன்.

நமக்கு இந்தச் சொல் வேறொரு பட்டியலிலிருந்தும் தெரியும். அச்சம், நாணம், மடம். பெண்ணுக்கு அணி என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட மூன்றில் ஒன்று. ஒரே இலக்கண நூலில் மடன் ஓரிடத்தில் சிரிப்புக்குக் காரணம், இன்னோரிடத்தில் பெண்ணுக்கு இலக்கணம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் உரையாசிரியர்களுக்குத் தோன்றவில்லை. 'தி நேக்கட் கன்' அந்த மடத்தைப் பெண்ணிடமிருந்து கழற்றி, துப்பாக்கியும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் ஆணுக்கு மாட்டிவிடுகிறது. சொன்னதை நம்பி, நம்பியதை விடாமல், முகம் மாறாமல் இருப்பது எத்தனை அபத்தம் என்று ஒரு போலீஸ்காரரின் உடம்பில் காட்டுகிறது. பெண்கள் இந்தப் படத்தில் சிரிக்கும் சிரிப்பில் ஒரு பழைய கணக்கு நேராகும் இன்பம் இருக்கிறது. தவறான கதவைத் திறந்துவிட்டு, திறந்ததே சரி என்பதுபோல் நடக்கும் ஆணை நமக்கு நன்றாகத் தெரியும். அவனை வீட்டிலும் துறைக்கூட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். அங்கே சிரிக்க முடிந்ததில்லை.

படத்தின் நாயகி ஜேன் ஸ்பென்சரும் இந்த இன்பத்தில் பங்கு வைத்திருக்கிறாள். வில்லன் லட்விக்கின் உதவியாளராக வரும் அவளைப் பிரிசில்லா பிரெஸ்லி நீல்சனைப் போலவே முகம் மாறாமல் நடிக்கிறார். காதல் காட்சிகளின் தொகுப்பு ஒன்று வருகிறது. கடற்கரையில் ஓடுகிறார்கள், வியட்நாம் போரைப் பற்றிய 'ப்ளட்டூன்' படம் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தபடி வெளியே வருகிறார்கள். ஒரு பருவம் முழுக்கக் காதலித்ததாக நாம் எண்ணும்போது, நேற்றுத்தான் சந்தித்தார்கள் என்று தெரிகிறது. எய்ட்ஸ் அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. பாதுகாப்பான உறவு என்ற பேச்சு வந்ததும் இருவரும் தலை முதல் கால் வரை ஆணுறைக்குள் புகுந்து நிற்கிறார்கள். ஏணியில் நிற்கும் அவளை ஃபிராங்க் கீழிருந்து அண்ணாந்து பார்த்து இரட்டைப் பொருளில் ஒன்றைச் சொல்கிறார். அவள் பாடம் செய்யப்பட்ட ஒரு விலங்கை எடுத்து நீட்டுகிறாள். நாணம் அவளிடம் இல்லை. அதை நான் விடுதலை என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் கேமரா ஃபிராங்கோடு சேர்ந்துதான் அண்ணாந்து பார்க்கிறது. இருந்தாலும், கேலிக்கு வெளியே அழகுப் பதுமையாக நிறுத்திவைக்கப்படாமல் கேலிக்குள் சமமாக விழ ஒரு நாயகிக்கு அனுமதி கிடைப்பது அரிது.

அந்தச் சமமும் இறுதிவரை வருவதில்லை. உச்சக்காட்சியில் அவள் மனவசியத்துக்கு ஆட்பட்டு, ஃபிராங்கைச் சுட முனைகிறாள். ஃபிராங்க் காதல் வசனம் பேசி அவளை மீட்கிறார்; மைதானமே அழுகிறது. ஜேனின் மடம் அவிழ்க்கப்படுகிறது. ஃபிராங்கின் மடம் அவிழ்வதே இல்லை. அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது.

படத்தில் ஒரு பெண் மேயர் உண்டு. கிட்டத்தட்ட அந்த ஊரில் வளர்ந்த மனிதர் அவர் ஒருவர்தான். பூங்காவில் நூறு பேர் பார்க்க ஐந்து பேர் ஒருவரைக் கத்தியால் குத்துவதைக் கண்டால் சுடுவதுதான் தன் கொள்கை என்று ஃபிராங்க் அவரிடம் நியாயம் பேசுகிறார். அது ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகம், நீ கொன்றது ஐந்து நடிகர்களை என்கிறார் மேயர். பின்னொரு கட்டத்தில் வேலை போனதும் ஃபிராங்க் வருந்துவது ஒன்றுக்காகத்தான்: அடுத்தமுறை யாரையாவது சுட்டால் தன்னைக் கைது செய்துவிடலாம். அமெரிக்கக் காவல்துறையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு ஜனரஞ்சகப் படம் சொல்லியிருக்குமா தெரியாது. ஆனால் சொன்ன மாத்திரத்தில் அடுத்த சிரிப்பு வந்துவிடுகிறது. செத்த ஐந்து பேருக்கு முகம் இல்லை, வீடு இல்லை.

இந்த இடத்தில்தான் என் மாணவி ஒருத்தி, "அம்மா, இவர்கிட்ட புகார் குடுக்க வர்ற பொண்ணு படத்துல எங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட பெண்ணுக்குக் கிட்டத்தட்ட நெருங்கி வருபவள் வில்மா. படத்தின் தொடக்கத்தில் நார்ட்பெர்க் என்னும் போலீஸ்காரர் கப்பலில் போதைக் கும்பலிடம் சிக்குகிறார். சுடப்படுகிறார், சூடான அடுப்பில் கையை வைக்கிறார், ஈரப் பெயின்ட்டில் சாய்கிறார், கரடிப் பொறியில் காலை விடுகிறார், கல்யாண கேக்கில் முகம் புதைக்கிறார், கடலில் விழுகிறார். மருத்துவமனையில் அவர் மனைவி வில்மா அழுகிறாள். பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கே பத்து சதவீதம்தான் வாய்ப்பு என்கிறார் மேலதிகாரி எட். இதைச் செய்தவனைப் பிடிக்கும்வரை எங்களில் ஒருவரும் ஒரு நிமிடம்கூட ஓயமாட்டோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கும் ஃபிராங்க், அதே மூச்சில் சாப்பிடக் கிளம்புகிறார். ஒரு பெண்ணுக்குக் காவல்துறை கொடுக்கும் வாக்கின் ஆயுள் எவ்வளவு என்பதைப் படம் அறிந்தே வைத்திருக்கிறது.

நார்ட்பெர்காக நடித்தவர் ஓ.ஜே. சிம்ப்சன். புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1989 புத்தாண்டு அதிகாலை, லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வீட்டிலிருந்து போலீசுக்கு அழைப்புப் போனது. முகத்தில் காயங்களோடு புதரிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி நிக்கோல், அவர் தன்னைக் கொன்றுவிடுவார் என்று சொன்னதாக, அங்கே சென்ற காவலர் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். முன்பும் பலமுறை போலீஸ் வந்து, அவரோடு பேசிவிட்டு, ஒன்றும் செய்யாமல் போனது என்பதும் நிக்கோலின் முறையீடு. மனைவியை அடித்த குற்றச்சாட்டை எதிர்த்து சிம்ப்சன் வாதாடவில்லை. சிறைக்கும் போகவில்லை. 1991லும் 1994லும் மறுபடி நார்ட்பெர்காக நடித்து நம்மைச் சிரிக்கவைத்தார். மூன்றாம் படம் வந்தது 1994 மார்ச்சில். ஜூன் 12ஆம் தேதி நிக்கோலும் ரான் கோல்ட்மனும் குத்திக் கொல்லப்பட்டார்கள். 1995இல் குற்றவியல் நீதிமன்றம் சிம்ப்சனை விடுதலை செய்தது. 1997இல் உரிமையியல் வழக்கில் நடுவர்குழு அவரைப் பொறுப்பாளி என்றது.

இன்னொரு வீடும் உண்டு. லெஸ்லி நீல்சனின் தந்தை, கனடாவின் ராயல் கனடியன் மவுண்டட் போலீசில் காவலர். அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அடிப்பவர் என்பது நீல்சனின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்த அசையாத முகத்தை நீல்சன் எங்கிருந்து எடுத்தார் என்று ஊகிக்க எனக்கு உரிமையில்லை. சீருடை கழற்றப்படும் வீடுகளில் என்ன நடக்கும் என்பதை அறிந்த ஒருவர்தான் உலகத்தின் மிகத் தீங்கற்ற போலீஸ்காரரை நமக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

2025 படம் இந்த வரலாற்றைத் தொடாமல் போகவில்லை. மகன்கள் தங்கள் தந்தையரின் படங்களுக்கு முன் நின்று கண்கலங்குகிறார்கள். நார்ட்பெர்க் படத்துக்கு முன் நிற்கும் மகன் மட்டும் நம் பக்கம் திரும்பித் தலையை இல்லை என்று ஆட்டுகிறான். அரங்கம் சிரிக்கிறது. துல்லியமான நகைச்சுவைதான். ஆனால் அங்கேயும் சங்கடம் ஆணுடையது, சுவரில் தொங்குவது ஆணின் படம். நிக்கோல் அந்தச் சிரிப்புக்கு வெளியேதான் நிற்கிறாள்.

மெய்ப்பாட்டியலில் நகைபோலவே அச்சத்துக்கும் நான்கு நிலைக்களன்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கள்வரையும் ஆளுகிறவரையும் ஒரே மூச்சில் அச்சத்தின் காரணங்களாகச் சொன்ன நேர்மை என்னை எப்போதும் வியக்கவைக்கும். 'தி நேக்கட் கன்' செய்த காரியம், இறையை அச்சத்தின் பட்டியலிலிருந்து எடுத்து நகையின் பட்டியலில் வைத்தது. அது சிறிய காரியமில்லை. பயந்த ஒன்றைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்தான் பணிய மறுப்பதும் தொடங்குகிறது. ஆகவே இந்தப் படத்தை நான் கைவிடமாட்டேன், வகுப்பிலிருந்து எடுக்கவும் மாட்டேன்.

ஆனால் அந்த இடமாற்றம் யாருக்கு நடந்தது என்று கேட்கவேண்டும். இரவில் தொலைபேசியை எடுத்து, கதவுக்கு உள்ளே ஒரு பயத்துக்கும் வெளியே வரப்போகும் இன்னொரு பயத்துக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு இறை இன்னும் பழைய பட்டியலில்தான் இருக்கிறது. ஃபிராங்க் டிரெபின் அவள் வீட்டுக் கதவைத் தட்டினால், எதையாவது உடைத்துவிட்டு, ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிடப் போவார். நாம் சிரிப்போம், சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு பேதைமையைக் கண்டு வருகிறதா, எள்ளலாக வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேதைமையைக் கண்டு சிரித்தால் பாவம், ஒன்றும் தெரியாத மனிதர் என்று அவரை மன்னித்து அனுப்பிவிடுவோம். எள்ளி நகைக்கிறவள் அவர் போனபின்பும் வாசலிலேயே நிற்பாள், அவர் கொடுத்த வாக்கைக் கேட்பதற்காக.