டிப்ஸ்டிக் இல்லாத கார்

இன்றைய போர்ஷே 911-இல் டிப்ஸ்டிக்கைத் தேடினால் கிடைக்காது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், ஸ்டியரிங்குக்கு முன்னாலிருக்கும் திரையில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டியதுதான். கை அழுக்காகாது.

காற்றால் குளிரும் பழைய 911-இல் குச்சி உண்டு. அதிலும் ஒரு விசேஷம்: மற்ற கார்களில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்ப்போம், இதில் சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஆயில் அடியில் தங்காமல் தனித் தொட்டியில் இருப்பதே காரணம். 1972 மாடலில் அந்தத் தொட்டிக்கு வலப்புறம், பின்சக்கரத்துக்கு முன்னால், வெளியிலேயே ஒரு மூடி வைத்தார்கள். பங்க்கில் சிலர் அதற்குள் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள்! அடுத்த ஆண்டே மூடி காணாமல் போயிற்று.

குச்சி அளவை மட்டுமா சொல்லும்? துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் நிறம், பிசுபிசுப்பு, கருகல் வாடை எல்லாம் கண்ணுக்கும் விரலுக்கும் மூக்குக்கும் எட்டும். திரைக்கு அளவு மட்டும்தான் தெரியும். வசதி திரையில், ருசி என்னவோ குச்சியில்தான்.

திரை குறைவு என்று காட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்றுங்கள். கூடிவிட்டால் வடித்தெடுப்பதைத் தவிர வழியில்லை.