திறந்த நிரலும் பூட்டிய படங்களும்

தார் உருண்டை ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. விழுந்தால் நசுங்கி, மறுபடி திரள்கிறது. வேண்டும்போது வழுவழுப்பாகவோ கனமாகவோ மாறிக்கொள்கிறது. 2004-இல் வெளிவந்த ‘கிஷ்’ என்னும் வீடியோ விளையாட்டின் நாயகன் இதுதான். இயற்பியல் பயில்பவர் இதைக் கண்டவுடன் என்ன கேட்பார்? இந்த நெகிழ்ச்சியைக் கணிப்பொறி எவ்வாறு கணக்கிடுகிறது என்றுதான். விலை கொடுத்து வாங்கியவருக்கும் இதற்கு விடை கிடைப்பதில்லை. அவர் கைக்கு வருவது எந்திரத்துக்குரிய எண்களின் தொகுப்பே. மனிதர் படிக்கத்தக்க மூலநிரல் ஆக்கியவரிடமே தங்கிவிடுகிறது.

2010 மே மாதத்தில் இவ்வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தது. அமெரிக்காவின் வுல்ஃபயர் என்னும் சிறு நிறுவனம் முன்னின்று, சிறு குழுக்களின் விளையாட்டுகள் சிலவற்றை ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ என்று ஒரே கட்டாக்கி, வாங்குவோர் விரும்பிய விலைக்கு விற்றது. வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதையொட்டி கிஷ், லுகாரு, அக்வாரியா, பெனம்ப்ரா ஓவர்ச்சர் ஆகிய நான்கின் மூலநிரல்களும் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. இந்த உரிமம் பெற்ற நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துத் தரலாம், விற்கவும் செய்யலாம். திருத்தியதைப் பிறருக்குத் தருபவர் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தோடு தரவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. திறக்கப்பட்டது நிரல் மட்டுமே. படங்களும் ஒலிகளும் பழைய பதிப்புரிமைக்குள்ளேயே இருந்தன. மேடையைக் கொடுத்துவிட்டு வேடங்களையும் வசனத்தையும் பூட்டி வைத்தாற்போலத்தான் இது.

இதனால் விளைந்த குழப்பத்தைப் பாருங்கள். 2011-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் விற்பனைத் தளத்தில், வேறொருவர் லுகாருவை ஏறத்தாழ 2 டாலருக்கு விற்கத் தொடங்கினார். ஆக்கியவர்களின் விலையோ ஏறத்தாழ 10 டாலர். நிரலை விற்க உரிமம் இடந்தந்தது. படங்களை விற்கத் தரவில்லை. திறந்து விட்டால் இப்படித்தான் ஆகும் என்று பலர் சொல்லக்கூடும். அனைத்தையும் திறந்திருந்தால் அவ்விற்பனை சட்டப்படியே நடந்திருக்கும் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் உழைத்துப் பிழைக்கும் தொழில் இது. அவர்களுடைய அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை.

ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறதே! லுகாரு வெளிவந்தது 2005-இல். நிரல் 2010-இல் திறந்தது. படங்களும் ஒலிகளும் 2016-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்றன. விற்று ஓய்ந்தபின் பூட்டி வைப்பதால் ஆக்கியவருக்கு வரும் இலாபம் சொற்பம். புதிய எந்திரங்களுக்கு ஏற்பத் திருத்துவார் இல்லாமல் விளையாட்டே மறைந்து போவதுதான் மிச்சம். முதலில் விற்பனை, பின்பு முழு விடுதலை என்னும் இந்த வரிசையே எனக்கு நியாயமாகப் படுகிறது.

‘திறந்த’ என்ற சொல்லிலும் நாம் ஏமாறக் கூடாது. டெர்ரி கவானா ஆக்கிய ‘விவிவிவிவிவி’யின் மூலநிரல் 2020-இல் வெளியானது. அதைப் பார்க்கலாம், கற்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்த அப்போதைய உரிமம் இடந்தரவில்லை. எனவே அது கட்டற்ற நிரல் ஆகாது. (அதில் நூற்றுக்கணக்கான நிலைகளை ஒரே நீண்ட பட்டியலாக எழுதியிருந்ததைக் கண்டு பலர் சிரித்தனர். பாடநூலின் ஒழுங்கு இல்லாமலும் நல்ல விளையாட்டு பிறக்கும் என்று அறிந்து என் மாணவர்களோ தெம்படைந்தனர்!)

கிஷ்ஷின் நிரலை வகுப்பில் ஒருநாள் பிரித்துப் பார்த்தோம். உருண்டை என்பது துகள்களும் அவற்றைக் கட்டும் பிணைப்புகளுமே. நம் ஹூக் விதியின் உறவுதான். ஒரு மாணவன் பிணைப்பின் விறைப்பைக் குறைத்துப் பார்த்தான். நாயகன் இட்லி மாவைப்போல் தரையில் பரவிவிட்டான். வகுப்பே சிரித்தது. தன் திருத்தத்தை நண்பனுக்கு அனுப்ப அவன் விரும்பினான். நிரலை அனுப்பலாம் என்றேன். படங்களை?

அவற்றை அனுப்ப அவனுக்கு உரிமை இல்லை.