தூஷணமும் பரிகாரமும்

சைவரது திருக்கோயில் வழிபாட்டைக் கிறிஸ்தவப் பாதிரிமார் இகழ்ந்து எழுதியும் பேசியும் வந்த காலத்து, யாழ்ப்பாணத்து நல்லூர் ஶ்ரீலஶ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) 1854இல் சைவதூஷணபரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவராதலின், அவர்கள் வாதம் எதிரியின் நூலினின்றே எழுகின்றது. எருசலேம் ஆலயத்து விளக்கும் தூபமும் பலியும் குருமாரும் கடவுளாணையால் அமைந்தன என விவிலியம் கூறுதலின், அவற்றையொத்த சைவக்கிரியைகளை இகழ்தல் தம் நூலையே இகழ்தலாம் என்பது அதன் சாரம்.

இதற்குக் கிறிஸ்தவர் கூறும் சமாதானம் வலியற்றதன்று. பழைய கிரியைகள் வருவதற்கு நிழல். கிறிஸ்து வந்தபின் அவை நிறைவெய்தி ஒழிந்தன என்பர். எபிரெயருக்கெழுதிய நிருபம் இதற்கு ஆதாரம். ஆயினும் இச்சமாதானம் அக்கிரியைகள் இக்காலத்து வேண்டா என்பதையன்றி, புறப்பொருளால் வழிபடுதல் கடவுட்கு இயல்பிலேயே இழுக்கு என்பதை நாட்டமாட்டாது. ஒருகாலத்து அவற்றை ஏற்றவன் இயல்பு பின்னர்ப் பிறிதாகுமோ? எனவே, வல்லக்கோட்டை முருகன் திருமுன் அன்பர் ஏற்றும் நெய்விளக்கைப் பேதைமை என்பார் கூற்று நில்லாது.

எனினும், பிறர் வாயடைத்தல் தன் கொள்கையை நாட்டலாகாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தோடு அமையாது சுபக்கமும் அருளியமை ஈண்டு நினைக்கத்தக்கது. பரிகாரம் மட்டும் கற்பார் கேடயம் தாங்கினாரேயாவர். பதி பசு பாசம் என்னும் முப்பொருளியல்பை அளவையானும் அநுபவத்தானும் தெளிந்தாரே நிலைபெறுவர். இந்நூற்கு முன்னரே, 1848இல், நாவலரவர்கள் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியமை இதற்குத் தக்க சான்றாம்.