சுவடியும் மடிக்கணினியும்

பழைய மடிக்கணினிகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உளர். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு வாய்ப்பான இடங்கள் பல. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் அங்காடியின் வார இறுதிப் பழம்பொருட் சந்தை பெயர் பெற்றது. மின்னணு உறுப்புகளுக்குப் புடுவை அடுத்த ஜாலான் பசார் கடைகள் உள்ளன. இதனை வேலையற்றோர் விளையாட்டென ஒதுக்குதல் எளிது. தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அவ்வாறு ஒதுக்கிவிடுதல் தகாது. ஏட்டுச்சுவடியின் வரலாற்றை அறிந்தோர் இப்பொழுதுபோக்கினுள் ஒரு பதிப்பியற் சிக்கல் மறைந்து கிடப்பதைக் காண்பர்.

முதலில் பொறியைப் பார்ப்போம். சுவடிக்குச் செல் எவ்வாறோ, பழைய மடிக்கணினிக்கு அதன் மின்கலம் அவ்வாறு. கடிகாரத்தை இயக்கும் சிறு நிக்கல் மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து, சுற்றுப்பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அக்கசிவு காரத்தன்மை உடையது. ஆதலின் சிறிதளவு வினிகரால் அதனைத் தணித்து, பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த கோட்டை மெல்லிய கம்பியால் இணைப்பர். மின்தேக்கிகளும் கசியும். மூடியின் கீலைத் தாங்கும் பிளாஸ்டிக் நொறுங்கும். நெகிழ்வட்டுகளின் மீது நம் நாட்டு ஈரக்காற்றால் பூஞ்சணம் படரும். அதனைத் துடைக்காமல் வட்டைச் செருகினால் படிக்கும் முனையும் கெடும், வட்டும் கெடும். பொறுமையில்லார்க்கு இத்தொழில் கைவராது.

இனி அப்பொறிகளுள் இருப்பது யாது? 1985ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனத்தின் டி1100 வெளிவந்தது. வன்தட்டு இல்லாத அம்மடிக்கணினி மூன்றரை அங்குல நெகிழ்வட்டை மட்டுமே நம்பி இயங்கியது. அதே 1985இல்தான், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் மலேசியாவில் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். தந்தையின் பெருந்தொகுப்பாகிய 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' 1997இல் வெளிவந்தது. ஒருவர் சிதறிக்கிடந்த கவிதைகளைத் தேடித் தொகுக்க, மற்றவர் தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றிய இப்பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' கொண்டு இதே பணியை ஆற்றினார். கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் வேறு சிலர் ஆற்றினர்.

இம்முயற்சிகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுத்துகளுக்கு எண் வழங்கிற்று. ஓர் எழுத்துருவில் ககரத்துக்கு உரிய எண் மற்றோர் எழுத்துருவில் ஙகரத்துக்கோ துணைக்காலுக்கோ உரியதாயிற்று. 1999இல் சென்னையில் கூடிய மாநாடு சில பொது முறைகளை வகுத்தது. 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலும் இத்தகைய சிக்கல்கள் ஆராயப்பட்டன. ஒருங்குறி பரவிய பின்னரே தொல்லை ஓய்ந்தது. அதற்கு முன் தனி எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட பள்ளி மலர்களும், சங்க அறிக்கைகளும், சிறுகதைப் படிகளும் உரிய எழுத்துரு இன்றித் திறக்கப்படின் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பொறியில் அவ்வெழுத்துரு உயிருடன் இருந்தால் மட்டுமே அவை தமிழாகும்.

சுவடி பதிப்பித்தோர் பட்ட பாட்டை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஏட்டில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. ஆதலின் ஏட்டிலுள்ள ஒரு சொல்லைப் 'பரவை' எனவும் படிக்கலாம், 'பாவை' எனவும் படிக்கலாம். கடலா பெண்ணா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையருக்கு இத்தகைய ஐயங்கள் ஏடுதோறும் எழுந்தன.

இதே இடர் கணினியிலும் மீண்டு வந்தது. தட்டச்சுப் பொறியின் வழக்கைப் பின்பற்றி, ஔகாரக் குறியின் பிற்பாதியைப் பலர் ளகரமாகவே அடித்தனர். 'வௌவால்' என்னும் சொல் 'வெளவால்' எனப் பதிந்தது. கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. தேடு பொறியோ அதனைக் கண்டுபிடியாது. மாற்று நிரல் ஒன்று இதனைத் திருத்த முற்பட்டு, கொம்புக்குப் பின் வரும் ளகரங்களை எல்லாம் ஔகாரமாக்கினால் 'வெளி'யும் 'தெளிவு'ம் சிதையும். இதனைத் துணிவதற்குத் தமிழறிவே வேண்டும். நிரல் மட்டும் போதாது.

இந்நிலையில் பொழுதுபோக்காளர் பலரிடம் ஒரு பெருங்குறை காணப்படுகிறது. அவர்கள் பொறியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குக் கொண்டுவர விழைகின்றனர். மஞ்சளித்த உறை வெளுக்கப்படுகிறது. பின்பு வன்தட்டு முழுவதும் துடைக்கப்பட்டு, மூல இயங்குதளம் புதிதாக ஏற்றப்படுகிறது. பொறி பளபளக்கிறது. முன்னாள் உரிமையாளர் ஏற்றிய தமிழ் எழுத்துருவும், விசைப்பலகை அட்டவணையும், எழுதி வைத்த கோப்புகளும் அழிகின்றன. ஏட்டின் சட்டத்தைத் துலக்கிவிட்டு எழுத்தை மழித்தெடுப்பது போன்றது இச்செயல். எதனையும் துடைக்குமுன் தட்டின் முழுப்படி ஒன்றை எடுத்து வைப்பதற்குச் சில மணி நேரமே ஆகும். பிறருடைய கடிதங்களும் கணக்குகளும் அதில் இருத்தல் கூடும். அவற்றை உரியவரிடம் சேர்ப்பதும், இசைவின்றி வெளியிடாமையும் பண்பாடு.

மறுபுறம், எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பொறியைக் குப்பையில் இடலாம் என்போரும் முற்றும் சரியாகக் கூறினாரல்லர். மாற்றப்பட்ட படியில் ஐயம் எழுந்தால் மூலத்தை எங்கே காண்பது? பழைய நிரல்களைப் புதிய கணினியிலேயே பாவனையாக இயக்கும் வழி உண்டென்பது உண்மை. ஆயினும் நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி ஒன்றேனும் இயங்கினாலன்றிப் பாவனைக்கு ஊட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. படி எடுத்து முடிந்த பின்னர்ப் பழம்பொறியைப் பேணுவது பெரும்பாலும் இன்பத்தின் பொருட்டே. அதனை ஒளிக்க வேண்டுவதில்லை.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பழைய எழுத்தாளர் இல்லங்களில் பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் நெகிழ்வட்டுகள் இருத்தல் கூடும். அவற்றின் காந்தப்பூச்சு ஏட்டைப்போல் நூற்றாண்டுகள் நிலைப்பதன்று. பற்றவைக்கும் கோல் பிடிக்கத் தெரிந்த மாணவர் ஒருவரும், ஔகாரத்தையும் ளகரத்தையும் பிரித்தறியும் ஆசிரியர் ஒருவரும் ஒரே மேசையின் முன் அமர்ந்தால், அப்பெட்டிகளில் ஒன்றை ஒரு பள்ளி விடுமுறைக்குள் படித்து முடித்துவிடலாம்.